பலகைக்கு அடியில் இருந்த நாற்பத்தெட்டு

பலகையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை.

கீழே வைத்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தாள், அதற்குள் எங்கிருந்தாவது வந்து உட்கார்ந்திருக்கும் என்பது போல. மேஜை விரிப்பில் சதுரமாக ஒரு தடம் மட்டும் பதிந்திருந்தது. பலகையின் மேல் பாரத்துக்கு வைத்திருந்த பழைய இஸ்திரிப் பெட்டியையும் காணவில்லை.

அண்ணி குனிந்து மேஜைக்கு அடியிலும் தேடினாள்.

அண்ணி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். நாத்தனார் சின்னு ஆரம்பித்து வைத்தது, கார்டு வாங்க வருகிறவர்கள் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. கட்டிய புருஷனே ஒரு தடவை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு ஒரு வாரம் கேலிக்கு ஆளானான். அவன் இப்போது சரக்கு லாரியோடு வெளியூரில் இருந்தான். வீட்டில் இருந்தது மூன்று பேர். முன்னறையில் நீள மேஜை போட்டு, கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கிற அண்ணி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார். உள்ளறையில் சின்னு.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததை மறுபடி விரிக்க வேண்டாம். சின்னுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோரு மணி நேரம் இருந்தது. அவ்வளவுதான்.

சின்னுவின் கணவன் வெளியூரில் பாலம் கட்டுகிற இடத்தில் மேற்பார்வையாளன். நான்காம் நாள் வேலைக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு தினமும் 'சாப்பிட்டாயா' என்று ஒரு மெசேஜ். இவளிடமிருந்து 'ம்' என்று ஒரு பதில். ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற குழந்தையைப் பற்றி இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

காணாமல் போனது அந்தக் குழந்தைக்காகச் செய்த கார்டுகள்.

எட்டாம் மாதத்தில் டாக்டர் சின்னுவைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பொழுது போகாமல் அவள் பிடுங்கி எடுத்ததில் பிறந்த யோசனை அது. அண்ணி ஒரு பெரிய அழிரப்பரைச் செதுக்கி, கட்டை விரல் அகலத்தில் இரண்டு பாதங்கள் அச்சு செய்தாள். தடித்த காகிதத்தில் அந்தப் பாதங்களின் வெளிக்கோட்டை மையில் ஒற்றி, உள்ளே ரப்பர் திரவத்தைப் பூசி உலர விடுவாள். அதன் மேல் இளநீலமும் பச்சையுமாக நீர்வண்ணத்தை வழிய விடுவாள். காய்ந்த பிறகு ரப்பரை விரலால் தேய்த்து உரித்தால், நீலத்துக்கு நடுவே இரண்டு வெள்ளைப் பாதங்கள் வெளிப்படும். சின்னு உரிக்கிற வேலையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் உரித்துவிட்டு, "வந்துட்டா பாருங்க அண்ணி" என்பாள். பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

முதல் பக்கத்தில் 'இதோ வந்துவிட்டேன்' என்று அண்ணியின் எழுத்து. உள்ளே தேதி, நேரம், எடை, பெயர் என்று நான்கு வரிகள். அவை பிறந்த பிறகு நிரப்புவதற்கு. உறையில் முகவரி எழுதியது சின்னு. தபால்தலை ஒட்டியதும் அவளே. நீர்வண்ணம் பட்ட காகிதம் சுருளும் என்பதால், எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு, பலகையை வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தார்கள்.

தொட்டிலை அண்ணி பரண் மேல் ஏற்றினாள். சின்னச் சட்டைகளை யாருக்கோ கொடுத்தனுப்பினாள். குழந்தைக்கு வாங்கிய சோப்புப் பெட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த நாற்பத்தெட்டை மட்டும் கிழிக்கவும் கை வரவில்லை, வேறு இடத்தில் ஒளிக்கவும் தோன்றவில்லை. பலகைக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

இஸ்திரிப் பெட்டி ஹாலில் மாமாவின் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

"மாமா, இதை எப்ப எடுத்தீங்க?"

"முந்தாநாள். புதுப் பெட்டியில காலர் நிக்க மாட்டேங்குதும்மா. பழசுதான் பெட்டி." அவர் செய்தித்தாளை மடித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வீட்டில் மூன்று வாரமாக யார் முகத்திலும் இல்லாத வெளிச்சம். "உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நம்ம சின்னு லெட்டர் எழுத ஆரம்பிச்சிருக்கா, பாத்தியா?"

அண்ணி முன்னறை மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பலகைக்குக் கீழ கட்டா இருந்தது. அவ கையெழுத்து. ஊர்ல இருக்கிற சிநேகிதம், சொந்தம் எல்லாருக்கும் எழுதியிருக்கா. மனசு விட்டு நாலு பேருக்கு எழுதினாலே பாதி பாரம் குறையும்மா. உறை ஒட்டாம இருந்தது. ஒண்ணொண்ணா பசை தடவி ஒட்டி, போஸ்ட் பண்ணிட்டு வந்தேன்."

"உள்ள பாக்கலையா மாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. "முப்பத்தஞ்சு வருஷம் ஊரான் லெட்டரைத் தொட்டவன்மா நான். ஒரு லெட்டரைப் பிரிச்சுப் பாத்திருப்பேனா?"

சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணி உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பெரியவரின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்ததை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்லி முடித்தாள்.

அவர் செய்தித்தாளைக் கட்டிலில் வைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டார். அண்ணிதான் சரி செய்துவிட்டாள்.

"நான் தூக்கிப் போட்டிருக்கணும் மாமா. தப்பு என்னோடது."

"நீ தூக்கிப் போடலை. நான் கொண்டு போய்ப் போட்டுட்டேன்," என்றார் அவர். "வா, ஆபீஸுக்குப் போவோம்."

கிளம்பும்போது அண்ணி உள்ளறையில் எட்டிப் பார்த்தாள். சின்னு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் போன். யாராவது போன் பண்ணி வாழ்த்திவிட்டால்?

"சின்னு, என் போன்ல சார்ஜ் இல்ல. உன்னோடதை எடுத்துட்டுப் போறேன்."

"ம்."

பொய் சொல்லி எடுத்த போனைப் பையில் போட்டுக்கொண்டாள். மாமாவின் போன் வழக்கம் போல ஹாலில் சார்ஜில் கிடந்தது. அவர் அதைக் கையோடு எடுத்துப் போன நாளே கிடையாது. போன் என்றால் வீட்டில் இருக்க வேண்டிய பொருள் என்பது அவர் கட்சி.

தபால் நிலையத்தின் பின்பக்கம், நீளமான மரத்தட்டுகளில் கடிதங்கள் தெருவாரியாகப் பிரிந்து கிடந்தன. அதிகாரியம்மா மாமாவைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டு அவர் முகமும் மாறியது.

"சதுர உறையா? அது மெஷின்ல போகாது ஐயா. ஒவ்வொண்ணா கையாலதான் சீல் வைக்கணும். ஆள் இல்லாம மெதுவாத்தான் போகுது," என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டை இழுத்தார். வெள்ளைச் சதுரங்கள். சின்னுவின் குண்டு குண்டான கையெழுத்து. அண்ணிக்கு அந்த உறையின் சதுரத்தில் எப்போதும் ஒரு கர்வம் உண்டு. கடையில் கிடைக்காது, அவளே வெட்டி ஒட்டுவது. அதுதான் இப்போது காப்பாற்றியிருந்தது.

அதிகாரியம்மா எண்ணினார். முப்பத்தாறு.

"பன்னெண்டு முந்தாநாளே சீல் ஆகிப் போயிடுச்சு. மீதி இன்னைக்கு மூணு மணி வண்டிக்கு."

மாமா கையை நீட்டினார். அந்த அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபமாக இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது.

"ஐயா, உங்களுக்கே தெரியும்."

தெரியும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அண்ணி அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாள். அண்ணன் மேல் கோபத்தில் கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, அரைமணியில் மனசு மாறி ஓடி வந்து, மாமாவின் கையைப் பிடித்துக் கெஞ்சிய தையற்காரரின் கதை. பெட்டிக்குள் விழுந்த பிறகு கடிதம் போட்டவனுடையது இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். சாப்பிடும்போது பெருமையாகச் சொல்வார். இனி சொல்ல மாட்டார் என்று அண்ணிக்குத் தோன்றியது.

"ஒரு வழி இருக்கு," என்று அதிகாரியம்மா ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "அனுப்பினவங்க திருப்பிக் கேக்கலாம். அனுப்பினவங்க கையெழுத்து வேணும். உறையில இருக்கிற எழுத்தோட ஒத்துப் போகணும்."

அந்த நேரம் பார்த்து பையில் சின்னுவின் போன் அடித்தது. திரையில் அவளோடு வேலை பார்த்த தோழியின் பெயர். அடித்து நின்று, மறுபடி அடித்தது. அண்ணி எடுத்தாள்.

"ஏய், கார்டு வந்துச்சுடி. எவ்வளவு அழகா இருக்கு. ஆனா உள்ள ஒண்ணுமே எழுதாம அனுப்பியிருக்கே, லூசு. பொண்ணா பையனா? எடை எவ்வளவு?"

"நான் அவ அண்ணி பேசறேன். அவ தூங்கறா. அப்புறம் பேசுவா."

"பாப்பா தூங்க விடுதா?" என்று சிரிப்பு கேட்டது. அண்ணி போனை வைத்துவிட்டாள். எடை எவ்வளவு என்று தனக்கே தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்கவே இல்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மாமா படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "நீயே போட்டுடும்மா. அவ கையெழுத்து உனக்கு அப்படியே வரும்."

வரும்தான். எழுத்து அவளுடைய தொழில். யார் கையெழுத்தையும் இரண்டு தடவை பார்த்தால் பிடித்துவிடுவாள். அதிகாரியம்மா திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பொய் சொல்லாத மனுஷன், மகளுக்காகப் பொய்க் கையெழுத்துக் கேட்டுவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணி பேனாவைத் திறந்தாள். காகிதத்தின் மேல் வைத்தாள்.

தொட்டிலை ஏற்றியது இந்தக் கைதான். சட்டைகளைக் கொடுத்தது, வருகிறவர்களை வாசலோடு அனுப்பியது, இன்று போனைப் பிடுங்கியது எல்லாமே இந்தக் கைதான். எதையுமே சின்னுவைக் கேட்டுச் செய்யவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். நல்லது என்று நினைத்துத்தானே மாமாவும் பசை தடவினார்.

பேனாவை மூடினாள்.

"மூணு மணிக்குள்ள அவளையே போடச் சொல்லி வாங்கிட்டு வர்றோம்."

"எப்படிம்மா சொல்லுவ?"

"தெரியல மாமா."

வீட்டுக்கு வந்ததும், சின்னுவிடம் சொல்வதற்கு அவள் ஒரு பொருளை எடுத்துப் போனாள். மேஜை இழுப்பறையின் அடியில் கிடந்த நாற்பத்தொன்பதாவது கார்டு. முதலில் செய்து பார்த்தது. அவசரத்தில் தண்ணீரில் கரையும் மைத்திண்டில் அச்சை ஒற்றிவிட்டாள். நீர்வண்ணம் பட்டதும் பாதங்களின் ஓரம் கரைந்து, நீலத்துக்குள் கறுப்பாக இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் பட்டாலும் கலையாத மையில்தான் மற்றவற்றைச் செய்தாள். இதைத் தூக்கிப் போடப் போனபோது சின்னுதான், "இருக்கட்டும் அண்ணி, மழையில நடந்து வந்திருக்கா" என்று தடுத்தாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, இஸ்திரிப் பெட்டி, அப்பா ஒட்டிய பசை, பன்னிரண்டு போய்விட்டது, போன் வந்தது. மாமா கதவருகில் நின்றார், உள்ளே வரத் தைரியம் இல்லாமல்.

சின்னு எழுந்து உட்கார்ந்தாள். கார்டை வாங்கி, கரைந்துபோன பாதத்தின் மேல் விரலை வைத்தாள். அழுவாள் என்று அண்ணி காத்திருந்தாள்.

"அவ என்ன கேட்டா?"

"யாரு?"

"போன் பண்ணினவ."

"பொண்ணா பையனான்னு. எடை எவ்வளவுன்னு."

"ரெண்டு கிலோ நூத்து நாப்பது," என்றாள் சின்னு. "இத்தனை நாள்ல அவதான் முதல்ல கேட்டிருக்கா."

அண்ணி அவள் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நான் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள தொட்டில் இல்ல. சோப்பு இல்ல. யாரும் பேச்செடுக்கல. அவ வரவே இல்லையோ, எனக்குத்தான் புத்தி பிசகிப் போச்சோன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன். அவளுக்கு வலது காது மடிஞ்சிருந்தது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுடி. நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்."

"தாங்கலதான் அண்ணி. அதுக்கு என்ன பண்றது?"

இப்போது அழுதாள். அண்ணியும் அழுதாள். மாமா உள்ளே வந்து மகளின் காலடியில் உட்கார்ந்து, "அப்பா பாக்காம பண்ணிட்டேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னு அவர் தலையில் கை வைத்தாள்.

பிறகு படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "கொண்டு வாங்கப்பா. கிழிக்கறதுக்கு இல்ல. எழுதி அனுப்பணும்."

மாமா வேகமாக நடந்து போனார். அவர் போனதும் சின்னு அண்ணியிடமிருந்து போனை வாங்கினாள். தோழியைக் கூப்பிட்டாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனாலும் முழுதாகச் சொன்னாள். பொண்ணு. ரெண்டு கிலோ நூத்து நாப்பது. பதினோரு மணி நேரம். எதிர்முனையில் அழுகை கேட்டது. சின்னுதான் சமாதானம் சொன்னாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக முன்னறைக்கு வந்து, மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.

இரண்டே முக்காலுக்கு மாமா கட்டோடு வந்தார். சின்னு ஒவ்வொரு உறையாகத் திருப்பினாள். கடைசி வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"என்ன தேடற?"

"அவருக்கு ஒண்ணு எழுதியிருந்தேன் அண்ணி. வேலை பாக்கற இடத்து முகவரிக்கு. வேடிக்கைக்காக." அவள் முகம் வெளுத்தது. "போன பன்னெண்டுல அது இருக்கு."

"அதுவும் வெறும் கார்டுதானே?"

"இல்ல. அதுல மட்டும் முன்னாடியே எழுதிட்டேன்." சின்னு உதட்டைக் கடித்தாள். "'உங்க பொண்ணைப் பத்திரமா கொண்டு வந்து சேத்துட்டேன்'னு எழுதியிருக்கேன்."

மாமா மனசுக்குள் கணக்குப் போட்டார். எத்தனை மணிக்கு எந்தப் பை கட்டுவார்கள், எந்த ஊரில் இறக்குவார்கள் என்று உதடு அசைந்தது. "நாளைக்குக் காலையிலதான் போய்ச் சேரும். தபால்காரன் வர்றதுக்கு முன்னாடி நான் அந்த வாசல்ல போய் நிக்கறேன். கெஞ்சியாவது வாங்கிட்டு வர்றேன்."

"நீங்க வாங்க வேணாம்ப்பா. நான் அங்க இருக்கணும். அதைப் பிரிக்கும்போது அவர் தனியா இருக்கக் கூடாது."

"நாலு மணி நேரம் பஸ்ல உக்காரணும். உடம்பு தாங்காது சின்னு," என்றாள் அண்ணி.

சின்னு உறைகளில் ஒன்றைப் பிரித்துக் கார்டை எடுத்தாள். "தண்ணி பட்டாலும் கலையாத மை எது அண்ணி?"

அண்ணி புட்டியைத் திறந்து கொடுத்தாள். சின்னு தேதி எழுதினாள். நேரம் எழுதினாள், வந்த நேரமும் போன நேரமும். எடை எழுதினாள். பெயர் என்ற வரியில் பேனா நின்றது.

"இதை ரெண்டு பேரும் சேந்து வைக்கறதா இருந்தது. அவரைக் கேக்கணும்."

அந்த வரியை அப்படியே விட்டு, கார்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நாலரை பஸ்ஸுக்கு அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும் வரை அண்ணி வாசலில் நின்றாள். அவளும் கூடப் போயிருக்கலாம். ஆனால் இந்த ஒரு காரியத்தையாவது சின்னு தானே செய்யட்டும் என்று நின்றுவிட்டாள்.

ஐந்தரை மணிக்கு, மேஜையில் பரப்பியிருந்த கார்டுகளுக்கு அடியிலிருந்து மணி அடித்தது. சின்னு போனை மறந்துவிட்டுப் போயிருந்தாள். திரையில் அவள் கணவனின் எண். மூன்று வாரத்தில் மெசேஜாக இல்லாமல் வந்த முதல் அழைப்பு.

"சின்னு?"

"நான் அண்ணி பேசறேன் தம்பி."

எதிர்முனையில் காற்றின் இரைச்சல் கேட்டது. "அக்கா, கார்டு வந்தது. மத்தியானம் ஆபீஸுக்கே வந்தது."

மாமாவின் கணக்கு பழைய கணக்கு. இப்போது பைகள் வேகமாகப் போகின்றன.

"அதுல எடை எழுதாம விட்டிருக்கா," என்றான் அவன். "எவ்வளவு இருந்தா? அன்னைக்கு நான் கேக்கவே இல்லக்கா. எதையுமே கேக்காம ஓடி வந்துட்டேன்."

"ரெண்டு கிலோ நூத்து நாப்பது. வலது காது மடிஞ்சிருந்ததாம்."

அவன் அதைத் திருப்பிச் சொன்னான். பாதியில் குரல் நின்றுபோனது. அண்ணி அவனை அழ விட்டாள்.

"பத்திரமாத்தான் கொண்டு வந்தா, அக்கா. அவகிட்ட சொல்லுங்க. இல்ல, நானே சொல்றேன். போனை அவகிட்ட குடுங்க."

"அவ இங்க இல்ல தம்பி. உங்களைப் பாக்கத்தான் கிளம்பிப் போயிருக்கா. மாமாவோட, நாலரை பஸ்ல."

நீண்ட நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. அது காற்று இல்லை, பஸ் என்று அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் அங்கதான் வந்துக்கிட்டிருக்கேன். நாலு மணி பஸ்ல ஏறினேன்," என்றான் அவன்.

அண்ணி ஹாலைப் பார்த்தாள். மாமாவின் போன் சார்ஜில் கிடந்தது. சின்னுவின் போன் தன் காதில் இருந்தது.

"தம்பி, ஜன்னல் பக்கம் உக்காருங்க," என்றாள். "பாதி வழியில எல்லா பஸ்ஸும் டீக்கு நிறுத்துவான். அங்க இறங்கிடுங்க. எதிர்ல இருந்து வர்ற ஒரு பஸ்ஸையும் விடாதீங்க."